மந்திரி வாபஸ்

கோவிந்தப்பா சாரின் ஆள்காட்டி விரலில் தேங்காய்ச் சட்னி ஒட்டியிருந்தது. துடைத்தாரா மனுஷன்? வாய்க்குள் விட்டு ஒரு சப்பு சப்பினார். எச்சில் காயாத அதே விரலால் கறுப்புச் சிப்பாயைத் தூக்கி இரண்டு கட்டம் முன்னால் வைத்தார். சிப்பாயின் மொட்டைத் தலை கேன்டீன் ட்யூப் லைட்டில் பளபளத்தது. எதிரில் உட்கார்ந்திருந்த எத்திராஜ் அந்தச் சிப்பாயையே பார்த்தான். கருமம்! இந்தக் காயை இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன்தான் கையால் தொட்டு எடுக்க வேண்டியிருக்கும்.

நவம்பர் மாதம், சனிக்கிழமை மத்தியானம். தொம்மலூரில் தண்ணீர் பம்ப் விற்கிற ஒரு கம்பெனியின் ஆபீஸ். கன்னட மாநிலம் பிறந்த நாள் கொண்டாட்டமான ராஜ்யோத்ஸவம் என்பதால் கேன்டீன் முழுக்க மஞ்சளும் சிவப்புமாக ரிப்பன் தொங்கியது. வருஷா வருஷம் இந்தச் சமயத்தில் கேரம், ரங்கோலி, பாட்டு, செஸ் என்று போட்டி வைப்பார்கள். மற்றதில் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். செஸ் கோப்பை மட்டும் ஜி.எம். கோவிந்தப்பாவுக்கு. அந்தக் கோப்பை அவர் ரூம் அலமாரியை விட்டு வெளியே வருவதே இந்த ஒரு நாள்தான். காலையில் ப்யூன் துடைத்துக் கொண்டுவந்து வைப்பான், சாயங்காலம் அவனே திரும்ப எடுத்துக்கொண்டு போவான்.

ஜி.எம். பெரிய ஆட்டக்காரரா என்று கேட்காதீர்கள். குதிரை எப்படிப் போகும் என்பதையே விரல் விட்டு எண்ணிப் பார்த்துத்தான் வைப்பார். அவரிடம் தோற்பதற்கு ஆபீஸே வரிசையில் நின்றது, அவ்வளவுதான் சங்கதி.

எத்திராஜ் அங்கே அக்கவுன்ட்ஸில் சீனியர் அசிஸ்டென்ட். குடியாத்தத்துக்காரன், வயது நாற்பத்தேழு. வேலூரில் பி.காம். படித்த காலத்தில் அவனுக்கு 'கேம்பிட்' என்றே பட்டப்பெயர். வெள்ளைக் காய் கிடைத்துவிட்டால் போதும், கிங்ஸ் கேம்பிட்தான் ஆடுவான். முதலில் ராஜாவுக்கு முன்னால் நிற்கிற சிப்பாய். அடுத்த ஆட்டத்திலேயே அதற்குப் பக்கத்துச் சிப்பாயையும் தள்ளி, 'இந்தா, வெட்டிக்கோ' என்று எதிராளி வாயருகே நீட்டுவது. அவன் வெட்டினால் நடுப்பலகை நமக்கு, தாக்குதலும் நமக்கு. ஆனால் நம் ராஜாவின் வாசல் கதவு திறந்து கிடக்கும். பயந்தாங்கொள்ளிகள் அதைத் தொட மாட்டார்கள். எத்திராஜ் அதை ஆடித்தான் ஜில்லாப் போட்டியில் மெடிக்கல் காலேஜ் பையன்களை எல்லாம் மூக்கை உடைத்து அனுப்பினான். அவன் வாழ்க்கையில் துணிச்சலாகச் செய்த காரியம் என்று பார்த்தால் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டதும், சொன்ன ஊருக்கு மூட்டை கட்டியதும்தான்.

ஒருமுறை ராய்ச்சூருக்கு அனுப்பினார்கள். மூன்று வருஷம் அங்கே லாட்ஜ் ரூமில் தனியாகக் கிடந்தான். திரும்பி பொம்மனஹள்ளி வீட்டுக்கு வந்த அன்று, மனைவி உஷா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள். வந்த விருந்தாளியைக் கேட்பது போல. கேட்டுவிட்டு அவளே திகைத்துப் போனாள். அந்த வீட்டில் அவன் காபி சாப்பிடுவானா என்று ஒருத்தி கேட்கிற மாதிரி ஆகிவிட்டதே என்று இரண்டு பேருக்கும் அன்று சோறு இறங்கவில்லை.

இப்போது ஹூப்ளி. அங்கே புதிதாக ஆபீஸ் திறக்கிறார்கள். அக்கவுன்ட்ஸிலிருந்து ஒருத்தன் போயாக வேண்டும். எத்திராஜ், இல்லாவிட்டால் பாலகுமார். திங்கட்கிழமை ஜி.எம். ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறார். உஷாவுக்கு பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் இப்போதுதான் சூப்பர்வைசர் வேலை கொடுத்திருக்கிறார்கள். பதினாலு வருஷம் மெஷினில் குனிந்து உட்கார்ந்து வாங்கிய வேலை. மகள் அதிதி பத்தாவது. குடும்பத்தோடு கிளம்ப வழியே இல்லை. போனால் இவன் மட்டும்தான் போக வேண்டும்.

"என்னங்க, ஒரே ஒரு காரியம் பண்ணுங்க," என்று காலையில் டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போதே உஷா சொன்னாள். "ஃபைனல்ல அந்த ஆளுகிட்ட தோத்துட்டு வந்துடுங்க. ரோஷமெல்லாம் வேணாம். ஜெயிச்சு வச்சு அந்த ஆளு கடுப்புல கையெழுத்துப் போட்டுட்டா நம்ம கதி?"

"தோக்கறதுதானே? அது என்ன பெரிய வித்தையா?" என்றான்.

வித்தைதான். இந்த ஜி.எம். இருக்கிறாரே, அவருக்குத் தோற்றுப் போனால் மட்டும் போதாது. போராடித் தோற்க வேண்டும். ஒரு வருஷம் சேல்ஸ்காரன் ஒருத்தன் வேண்டுமென்றே ராணியை வெட்டுக்குக் கொண்டுபோய் வைத்தான். "நான் என்ன சின்னக் குழந்தையா? என்கிட்டயே நாடகமா?" என்று காயெல்லாம் பறக்கப் பலகையைத் தட்டிவிட்டார். அவன் இப்போது மாநிலத்தின் கோடியில், பீதர் ஆபீஸில் இருக்கிறான். அதனால் ஃபைனலுக்கு வருவதற்கு முன்பே தோற்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். செமி ஃபைனலில் பாலகுமார் அதைத்தான் செய்தான். எத்திராஜோடு உட்கார்ந்தான், டீ ஆறுவதற்குள் ராஜாவைச் சாய்த்தான். "பின்னிட்டீங்க அண்ணே!" என்று கையைக் குலுக்கிவிட்டு, ஓடிப்போய் ஜி.எம். நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடித்து நின்றுகொண்டான். சிரிப்பு வேறு. அந்த மூஞ்சியைப் பார்த்தபோதே எத்திராஜுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. என்ன பண்ணுவது, தானும் அதே வேலையைச் செய்யத்தானே வந்திருக்கிறோம் என்று நினைத்தபோது இன்னும் குமட்டியது.

சரி, தோற்பதற்கு என்ன ஆடலாம்? யோசித்து யோசித்துக் கடைசியில் கேம்பிட்டையே எடுத்தான். ராஜாவின் வாசலை நாமே திறந்து வைத்துவிட்டால் எந்த மடையனும் உள்ளே வந்துவிடுவான், பார்க்கிறவர்களுக்கும் வீரமாக ஆடின மாதிரி இருக்கும். எதை ஆடித் தலை நிமிர்ந்து நடந்தானோ அதையே இதற்குக் கொண்டுவந்து விட்டான். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா?

சிப்பாயை நீட்டினான்.

"ஓஹோ, ஃப்ரீயா?" என்றார் ஜி.எம். ஓசி என்றால் விடவே மாட்டார். அடுத்தவன் டிபன் பாக்ஸில் கையை விடுவார், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை இரண்டு வாங்குவார். லபக்கென்று வெட்டினார். எத்திராஜ் பிஷப்பை வெளியே எடுத்தான். ஜி.எம். ராணியை ஓரமாக இழுத்துக்கொண்டு வந்து, "செக்!" என்று கத்தினார். வடைத் துணுக்கு ஒன்று பறந்து வந்து பலகையின் நடுவில் விழுந்தது. பாலகுமார் கை தட்டினான். எத்திராஜ் வடைத் துணுக்கைப் பார்க்காமல் ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கி வைத்தான்.

நல்ல ஆரம்பம்தான். இனி அந்த ஆள் குதிரையைக் கொண்டுவரட்டும், பிஷப்பைக் கொண்டுவரட்டும், நாலு பேரும் சேர்ந்து வந்து அடித்துவிட்டுப் போகட்டும் என்று காத்திருந்தான். எங்கே? ஜி.எம். ராணியை மட்டும் தனியாக ஊர் சுற்ற அனுப்பினார். எத்திராஜ் குதிரையால் லேசாக அதட்டினான். ராணி ஒரு கட்டம் பின்னால் போனது. நடுவில் ஜி.எம். பேனா மூடியால் காதைக் குடைந்தார். குடைந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, அதே கையால் ராணியைத் தூக்கி ஓரத்தில் இருந்த சிப்பாயை வெட்டினார்.

"இன்னொண்ணு ஃப்ரீ!"

எத்திராஜ் கண்ணை மூடித் திறந்தான். அந்தச் சிப்பாய்க்குக் குதிரை காவல், யானையும் காவல். ராணி நடுத்தெருவில் உட்கார்ந்திருக்கிறது. அடப்பாவி, தோற்கக்கூட விடமாட்டேன் என்கிறானே! வெட்டாமல் விட்டால் நாடகம் என்று பலகையைத் தட்டிவிடுவார். சுற்றிலும் ஆபீஸே நிற்கிறது. எச்.ஆர். மஞ்சுநாத்தான் நடுவர், அவனும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வேறு வழியில்லாமல் குதிரையால் வெட்டினான். யானையால் வெட்டினால் ராஜாவுக்குப் பாதுகாப்பு என்று தெரியும். அதனால்தான் குதிரையை எடுத்தான். ராணியின் தலையில் எண்ணெய்ப் பிசுக்கு. எடுத்துப் பலகை ஓரத்தில் வைத்துவிட்டு விரலைப் பேன்ட்டில் தேய்த்தான்.

ஜி.எம். முகம் சிறுத்துவிட்டது. பதற்றத்தில் பிஷப்பைக் கொண்டுவந்து எத்திராஜின் ராணிக்கு எதிரில் நிறுத்தினார். மிரட்டுகிறாராம். அதற்கும் காவல் இல்லை. ராணியே அதை எடுத்துவிடலாம். எத்திராஜுக்கு அழுகை வராத குறை. அதையும் வெட்டினான்.

பாலகுமார் சிரிப்பை நிறுத்திவிட்டான். ஜி.எம். நெற்றியில் வியர்வை. குனிந்து, சத்தமில்லாமல், கெஞ்சுகிற குரலில் சொன்னார்:

"மந்த்ரி வாபஸ் கொடி, எத்திராஜ்."

ஆஹா, கேட்டாரே வாயைத் திறந்து! எத்திராஜுக்கு உயிர் வந்தது. அவன் ஊரில் பிஷப்புக்கு மந்திரி என்றுதான் பெயர். ராஜா, ராணி, மந்திரி, குதிரை, யானை, சிப்பாய். மந்திரியைத் திருப்பிக் கொடு என்கிறார். இப்போது வெட்டினதைத்தான் கேட்கிறார். கொடுத்துவிட்டால் ஆட்டம் இன்னும் கொஞ்சம் இழுக்கும், எப்படியாவது தோற்றுத் தொலைக்கலாம். பெருந்தன்மை மாதிரியும் இருக்கும். எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னான்:

"தாராளமா, சார்! மந்திரிய எடுத்துக்கோங்க."

ஜி.எம். கை பலகை ஓரத்துக்குப் போனது. பிஷப்பைத் தாண்டியது. ராணியை எடுத்தது.

"சார், அது ராணி..."

"ராணி ஏன்ப்பா? இது மந்த்ரி. கன்னடத்துல நாங்க இதத்தான் மந்த்ரிம்போம். நீ சொல்றது ஒண்ட்டெ. ஒட்டகம்." ஜி.எம்.முக்குச் சிரிப்பு திரும்பிவிட்டது. "நீயே சொன்னியே, எடுத்துக்கோன்னு. எல்லாரும் கேட்டாங்கல்ல?"

"கேட்டோம் சார்!" என்றான் பாலகுமார். முந்திரிக்கொட்டை.

எத்தனையோ வருஷமாக இந்த ஆபீஸில் எல்லோரும் குயின், பிஷப் என்று இங்கிலீஷில்தான் ஆடுவார்கள். ஜி.எம்.கூட அப்படித்தான். இன்றைக்குப் பயத்தில் அவர் வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டது. கேட்டவனோ அதைத் தன் ஊர்ப் பேச்சாக எடுத்துக்கொண்டான். எத்திராஜ் நடுவரைப் பார்த்தான். மஞ்சுநாத் ரிப்பனைக் காட்டிச் சிரித்தான்: "ராஜ்யோத்ஸவ டோர்னமென்ட், எத்திராஜ். கன்னட ரூல்தான்." எல்லோரும் சிரித்தார்கள்.

அதோடு விட்டாரா? ராணி செத்த கட்டத்தில் இப்போது எத்திராஜின் குதிரை நிற்கிறது. அதனால் ஜி.எம். பலகை முழுவதும் ராணியைக் கையில் வைத்துக்கொண்டு வலம் வந்தார், வீடு வாடகைக்குப் பார்ப்பது போல. கடைசியில் எத்திராஜின் ராஜாவுக்கு நேரே, தனக்கு வசதியான ஒரு காலிக் கட்டத்தில் இறக்கினார். சூடு இல்லை, சொரணை இல்லை. பெரிய மனுஷன், பேரன் எடுத்தவன், இத்தனை பேர் பார்க்கும்போது இப்படி ஒரு திருட்டு.

தோற்பதற்கு எத்திராஜுக்கு வேண்டியதும் அதுதான். வாய் கசந்ததும் அதனால்தான். 'போட்டியில் காய் திருப்பிக் கொடுக்கிற வழக்கமே கிடையாது சார், ராணியைக் கீழே வையுங்கள்' என்று ஒரு வார்த்தை. அது தொண்டைக்குழியில் வந்து நின்றது. சொல்லிவிட்டால் பத்து நகர்த்தலில் இந்த ஆளை மடக்கிவிடலாம். வேலூர் எத்திராஜ் சொல்லியிருப்பான். பொம்மனஹள்ளி எத்திராஜுக்கு ராய்ச்சூர் லாட்ஜ் ரூமின் மூட்டைப்பூச்சி வாடை நினைவுக்கு வந்தது. உஷா கேட்ட அந்தக் காபி நினைவுக்கு வந்தது. வார்த்தையை எச்சிலோடு சேர்த்து விழுங்கினான்.

இவ்வளவுக்குப் பிறகாவது முடிக்கத் தெரிந்ததா அந்த ஆளுக்கு? அடுத்த நகர்த்தலிலேயே மேட் இருந்தது. பார்க்கவில்லை. எத்திராஜ் ஓரத்துச் சிப்பாயை நகர்த்தி இன்னொரு வாய்ப்புக் கொடுத்தான். அதையும் பார்க்கவில்லை, யானையை எடுத்து முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டிருந்தார். எத்திராஜ் தன் ராஜாவையே வெளியே நடத்திக்கொண்டு போனான். பலியாட்டை இழுத்துக்கொண்டு போவதற்குக்கூட ஒரு ஆள் இருப்பான். இங்கே ஆடே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பூசாரியைத் தேடிப் போனது. ஒருவழியாக ராணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"செக்!" என்றார் ஜி.எம்.

எத்திராஜ் காத்திருந்தான். ஜி.எம்.மும் காத்திருந்தார். "ஆடுப்பா," என்றார். அவருக்குத் தெரியவில்லை. அடக் கடவுளே, தோற்றவனே சொல்ல வேண்டியிருக்கிறது.

"சார், இது மேட்."

"மேட்டா?" என்று எழுந்தே விட்டார். கேன்டீன் அதிர்ந்தது. பாலகுமார் விசில் அடித்தான். ஜி.எம். பலகைக்கு மேலே கையை நீட்டி எத்திராஜின் கையைப் பிடித்துக்கொண்டார். வியர்வை, எண்ணெய், சட்னி எல்லாம் சேர்ந்து வழவழவென்று இருந்தது. விடவே இல்லை. பிடித்த கையோடு மைக்குக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"எல்லாரும் கேளுங்க. இவன்தான் ஆட்டக்காரன். பாத்தீங்களா, தன் ராஜாவத் திறந்து போட்டுட்டு ஆடறான்! கடைசி வரைக்கும் ஃபைட் பண்றான். மத்தவனெல்லாம் என்கூட உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல படுத்துடறான், அதுல என்ன மஜா இருக்கு?" தொண்டையைச் செருமினார். "ஒரு விஷயம் சொல்றேன். ஜனவரிலேர்ந்து நான் ஹூப்ளி. ஜோனல் ஹெட். தெரியாத ஊரு, சாயங்காலமானா என்ன பண்றதுன்னு யோசனையா இருந்துச்சு. இப்ப கவலையில்ல. எத்திராஜ் என்கூட வரான். டெய்லி ஒரு கேம்!"

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். எல்லோரையும்விட அதிகமாகத் தட்டியவன் பாலகுமார். அவன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

"சார், வீட்டுல பொண்ணு பத்தாவது..." என்று ஆரம்பித்தான் எத்திராஜ்.

"அட, அதுக்கென்ன? அவங்க இங்க இருக்கட்டும். நீ வா." காதருகே குனிந்தார். வெங்காய வாடை. "உண்மையச் சொல்றேன் கேளு. என்னை ஜெயிச்சவன்கூட நான் மறுபடி உக்கார்றதே இல்ல. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராது எனக்கு. உன்ன மாதிரி ஆளுதான் சரி."

கேன்டீனுக்குப் பின்னால் கை கழுவுகிற தொட்டி. எத்திராஜ் குழாயைத் திறந்துவிட்டுச் சோப்பைத் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான். யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு தொட்டியில் சிவப்பாகக் காய்ந்து கிடந்தது. ஒருமுறை ஓங்கரித்தான், ஒன்றும் வரவில்லை. சட்டைப் பையில் போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தான். பின்னால் தையல் மெஷின்கள் இரைந்தன.

"என்னங்க, ஆச்சா? தோத்துட்டீங்களா?" உஷா கத்தினாள்.

"தோத்துட்டேன்."

"அப்பாடா! ஏய், தோத்துட்டாருடி!" என்று பக்கத்தில் யாரிடமோ சொன்னாள். அங்கே நாலைந்து பெண்கள் கை தட்டுவது கேட்டது.

"உஷா."

"ம், சொல்லுங்க."

"ஹூப்ளிக்கு அந்த ஆளே பெரியாளா போறானாம். சாயங்காலத்துல அவன்கூட ஆடறதுக்கு ஆள் வேணுமாம். நல்லா தோக்கறேன்னு என்னையே கூட்டிட்டுப் போறான்."

அவள் அங்கிருந்து வெளியே நடந்து வந்திருக்க வேண்டும், இரைச்சல் குறைந்தது.

"ஜெயிச்சிருந்தா?" என்று கேட்டாள்.

"விட்டிருப்பான்."

"ஐயோ, நான்தானேங்க தோக்கச் சொன்னேன்..." அவள் குரல் உடைந்தது. "நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

எத்திராஜ் குழாயை மூடினான்.

"நீ சொல்லலன்னாலும் தோத்துத்தான் இருப்பேன், உஷா," என்றான்.